கரடி கேட்டு வாங்கிய புகைச் சட்டம்

தேவாங்குமலைக் காட்டில் ஒரு கரடி லாரி ஓட்டிப் பிழைத்தது. காட்டுக்குள் லாரி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கரடி பேசும் என்பதை நம்பப் போகிறீர்கள், லாரியையும் நம்பினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

அந்த லாரி மேடேறும்போது விடுகிற புகையில் பட்டப்பகலிலேயே ஆந்தைகள் விழித்துக்கொள்ளும். பன்றி, எருமை, கழுதைப்புலி என்று வசதியுள்ள எல்லோரிடமும் அதே மாதிரி லாரிதான்.

ஒருநாள் தேனீக்களின் ராணி கரடியிடம் வந்தது.

"கரடியாரே, புகையில் எங்கள் குஞ்சுகள் மூச்சுமுட்டிச் சாகின்றன. இப்படியே போனால் நாங்கள் வேறு மலை பார்க்க வேண்டியதுதான்."

தேன் இல்லாமல் கரடிக்கு ஒரு பொழுது போகாது. அந்த மலையில் தேன் வைக்கிற கூட்டமும் அது ஒன்றுதான். நேரே சிங்கராஜாவின் குகைக்கு ஓடி, விழுந்து புரண்டு அழுதது.

ராஜா இளகிப்போய் உடனே சட்டம் போட்டார். "இனிமேல் விற்கிற லாரி எதுவும் கரும்புகை விடக் கூடாது. சித்திரை முதல் நாள் சட்டம் அமலுக்கு வரும். அதற்கு முன் வாங்கிய லாரிகளை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது."

யார் மனமும் நோகாத சட்டம். புகையின் மனம்கூட நோகவில்லை.

கரடிக்குத் தலைகால் புரியவில்லை. தன்னால்தான் காடு பிழைத்தது என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தது. லாரி விற்கிற நரி அதைக் கையைப் பிடித்து நிறுத்தியது.

"அண்ணே, பங்குனிக்குள் எடுத்தால் பாதி விலை. சித்திரை பிறந்துவிட்டால் இந்த மாதிரி வண்டியைக் கண்ணால் பார்க்க முடியாது."

"இது கரும்புகை விடுமே தம்பி?"

"விடும். ஆனால் சட்டப்படி விடும்."

"அந்தச் சட்டமே நான் கேட்டு வாங்கியதப்பா."

"அதனால்தான் முதல் மரியாதை உங்களுக்கு. நீங்கள் கொண்டுவந்த சட்டத்தில் பன்றி அண்ணன் லாபம் பார்ப்பார், நீங்கள் வேடிக்கை பார்ப்பீர்களா?"

பன்றி பெயரைக் கேட்டதும் கரடிக்குப் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்த தேன் முழுவதையும் நரியிடம் கொட்டிவிட்டு இரண்டு லாரிகளை ஓட்டிப் போனது. தேனுக்கு என்ன குறை, சட்டம்தான் வந்துவிட்டதே!

சித்திரை பிறந்தது. ராஜாவுக்குப் பாராட்டு விழா. "இன்று ஒரு லாரிகூடச் சட்டத்தை மீறவில்லை" என்று அவர் பெருமையாக அறிவித்தார். உண்மைதான். வாசலுக்கு இரண்டு பழைய மாதிரி லாரிகள் நிற்கும்போது, புதிது வாங்க யாருக்கு என்ன தலையெழுத்து? எல்லோரும் லாரியிலேயே விழாவுக்கு வந்திருந்ததால் மேடையிலிருந்த ராஜாவை யாராலும் பார்க்க முடியவில்லை. கைதட்டல் மட்டும் நன்றாகக் கேட்டது.

அந்த நேரத்தில்தான் தேனீக்கள் கிளம்பின. மிஞ்சிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ராணி மலைமுகட்டைப் பார்த்துப் பறந்தது.

கரடிக்கு உயிரே போய்விட்டது. புது லாரியில் ஏறி மேட்டுப் பாதையில் துரத்தியது. லாரி நெருங்க நெருங்கத் தேனீக்கள் இன்னும் வேகமாகப் பறந்தன.

"ராணியம்மா, போகாதீர்கள்! உங்களுக்காகத்தானே சட்டம் வாங்கித் தந்தேன்?"

"அப்படியானால் பின்னால் வருகிற இந்தப் புகை என்ன கரடியாரே?"

"இது பங்குனியில் வாங்கிய லாரி. சட்டப்படி இதில் குற்றமே இல்லை."

"ரொம்ப நல்லது" என்றது ராணி. "இனிமேல் தேனையும் அந்தச் சட்டத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்."

தேனீக்கள் மலையைத் தாண்டிவிட்டன. கரடி இருமிக்கொண்டே வெறும் பானை இருக்கிற வீட்டுக்கு லாரியைத் திருப்பியது.

கெட்டதை விடுவதற்கு நாள் குறித்துவிட்டு, அந்த நாளுக்குள் அதையே அள்ளிச் சேர்த்துக்கொள்பவனுக்குக் கடைசியில் கெட்டது மட்டும்தான் மிஞ்சும்.