கடுகு வெடிக்காத தெரு

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை மதுரவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் நாக்குக்கு அடிமை. காலையில் ஒரு சட்டம் போடுவான். மத்தியானம் ரசம் வாய்க்கு ருசியாக அமைந்துவிட்டால் அதை ரத்து செய்வான்.

அவனிடம் சடகோபராயர் என்று ஓர் ஓலைநாயகம் இருந்தார். நாட்டு நடப்பை எழுதி ராஜாவுக்கு வாசிப்பதும், அதையே ஊருக்குத் தண்டோரா போடுவதும் அவர் உத்தியோகம். அவர் ஓலையில் மழை தவறியதே இல்லை. ஒரு மாடுகூடச் செத்ததில்லை.

ஒரு வருஷம் ஊரில் அம்மை கண்டது. வாசலுக்கு வாசல் வேப்பிலைக் கொத்து தொங்கியது. அதைப் பார்த்தால் வெளியாள் உள்ளே நுழையமாட்டான். நோயும் அந்த வீட்டோடு நிற்கும். ஆனால் பத்து நாளில் ராஜா பட்டம் சூடிய நாளின் விழா. ஒரே பந்தலில் பத்தாயிரம் பேருக்கு விருந்து. அம்மை என்று சொன்னால் ராஜா முகம் வாடுமே! ராயர் யோசித்தார். அம்மையை விரட்ட முடியாது, வேப்பிலையை விரட்டலாம் அல்லவா? காவலரை ஏவி அத்தனை வாசலிலும் பிடுங்கிப் போட்டார். 'ஊரில் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. ஆகவே அம்மை இல்லை' என்று ஓலையும் எழுதினார். மறுத்துப் பேசினால் கசையடி என்று தண்டோரா முழங்கியது.

சந்தையில் கதை எழுதி வாசிக்கும் பூங்காவனத்துக்கு வயிறு எரிந்தது. நேரே சொன்னால் முதுகு பிய்யும். ஒரு கதை கட்டினாள். அதில் ஓர் ஊர். அங்கே வேப்பமரங்களை எல்லாம் வெட்டிவிடுகிறார்கள். வாசலில் அடையாளம் இல்லாததால் விருந்தாளிகள் எல்லா வீட்டுக்குள்ளும் போகிறார்கள், நோயும் கூடவே போகிறது. கேட்டவர்கள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். எழுந்து போகும்போது, "விருந்துக்கு நான் வரலைப்பா" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

ராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் தண்டோராவுக்கு நாய்கூட நிற்பதில்லை, இவள் பொய்க்குச் சந்தையே நிற்கிறதே! அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"மன்னா, இவள் கதையால் உங்கள் பந்தி காலியாகப் போகிறது. நாடு கடத்துங்கள்!"

"ஏன் பெண்ணே, என் ஓலைநாயகத்தைவிட உனக்கு அதிகம் தெரியுமோ?" என்றான் ராஜா.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ராஜா. உங்களுக்கே தெரியவரும். நாளை உச்சிவேளையில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தெரு நடந்து வாருங்கள். எந்தத் தெரு என்று ராயரே சொல்லட்டும். ஊர் சுகமாகத்தான் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் நான் நாட்டைவிட்டே போய்விடுகிறேன். இல்லையென்றால் விருந்தை நிறுத்துங்கள்."

ராயர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு நோயைப் பார்ப்பதாம்! "என் தெருவே இருக்கட்டும்" என்றார் பெருமையாக. உடனே தெருவைக் கூட்டச் சொன்னார், தோரணம் கட்டச் சொன்னார், யாரும் முனகக்கூடாது என்று வீடு வீடாக ஆள் அனுப்பினார்.

மறுநாள் கண்ணைக் கட்டிக்கொண்டு, ராயர் கையைப் பிடித்தபடி ராஜா நடந்தான். பூங்காவனம் பின்னால் வந்தாள். ஒரு முனகல் இல்லை. ராயர் மீசையை முறுக்கினார். பத்து வீடு தாண்டியதும் ராஜா நின்றான்.

"ஏனய்யா, இந்தத் தெருவில் யாரும் சமைப்பதில்லையா?"

"அடுப்பெரிகிறதே மன்னா, புகை வருகிறது."

"புகை வருகிறது, சோறு வேகிற வாசனையும் வருகிறது. தாளிக்கிற வாசனை எங்கே? உச்சிவேளையில் ஒரு வீட்டில்கூடக் கடுகு வெடிக்கவில்லையே!"

ராயருக்கு வியர்த்துக் கொட்டியது. பதற்றத்தில் எந்த வாசல் என்றுகூடப் பார்க்காமல் கத்தினார்: "உள்ளே யார்? உடனே ரசத்தைத் தாளியுங்கள்! ராஜா உத்தரவு!"

கதவு படாரென்று திறந்தது. ஒரு பெண் குரல் கேட்டது.

"வாசல்ல வேப்பிலையைப் பிடுங்குனீங்க, வாயை மூடிக்கிட்டிருந்தேன். பிள்ளைக்கு இன்னும் முத்து இறங்கல. ஆத்தா வந்திருக்கிற வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைப்பாங்களா? ராஜா இல்ல, ராஜாவோட அப்பாவே வந்து சொன்னாலும் தாளிக்க மாட்டேன்!"

"யாரம்மா நீ?" என்றான் ராஜா.

"இந்த ராயரோட பெண்சாதிதாங்க."

ராஜா கண்கட்டை அவிழ்த்து ராயரைப் பார்த்தான். "அதுதான் பதினைந்து நாளாக என் பந்தியில் தினமும் மூன்று முறை ரசம் வாங்கிக் குடித்தீரா?"

ராயர் அப்படியே தெருவில் உட்கார்ந்து அழுதார். "ஒரே மகள், மன்னா. இல்லை இல்லை என்று எழுதினால் இல்லாமலே போய்விடும் என்று நினைத்துவிட்டேன்."

ராஜாவுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. விருந்தை அங்கேயே நிறுத்தினான். "பிடுங்கிய வாசல் ஒவ்வொன்றிலும் உம் கையாலேயே வேப்பிலை கட்டி, மன்னிப்புக் கேட்டுவிட்டு வாரும். உம் வீட்டிலிருந்து தொடங்கும்" என்றான். விருந்துக்கு வைத்திருந்த அரிசி, வேப்பிலை கட்டிய வீடுகளுக்குப் போயிற்று.

அடையாளம் தெரிந்ததும் ஊர் ஒதுங்கி நடந்தது. புது வாசல்களுக்கு நோய் தாவவில்லை. ராயர் மகளுக்கும் முத்து இறங்கி, நோய் தீர்ந்ததற்கு அடையாளமாகத் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றி முடிந்த ஒரு மத்தியானம், அடக்கி வைத்திருந்த கடுகெல்லாம் ஒன்றாக வெடித்ததுபோல ஊரே படபடத்தது. மாடியில் நின்ற ராஜா மூக்கு நிறைய இழுத்தான். தும்மினான், சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்பாடா என்று ஊரும் மூச்சுவிட்டது.

பூங்காவனத்தை அழைத்துச் சால்வை போர்த்தினான். "இனி நீதான் என் ஓலைநாயகம்" என்றான்.

அவள் சால்வையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "வேண்டாங்க ராஜா. உங்க முத்திரை விழுந்துட்டா, அப்புறம் நான் எழுதுறதை யார் நம்புவாங்க?"

ராஜா வெகுநேரம் சிரித்தான். பிறகு, அவளுக்கும் இலை போடச் சொன்னான். அன்றைக்கு ரசம் நன்றாகவே இருந்தது, ஆனாலும் அவன் எந்தச் சட்டத்தையும் ரத்து செய்யவில்லை.