நூறிலேயே நின்ற முள்

"மூணு தடவை பறந்தாச்சு. மூணு தடவையும் முள் நூறுல நின்னுச்சு. இன்னும் ஏன் மேடம் கையெழுத்து போட மாட்டேங்கிறீங்க?"

கேட்டவர் கேப்டன் சடையப்பன். ஐம்பத்தேழு வயது. முப்பது ஆண்டுகள் ஹெலிகாப்டர் ஓட்டியவர். பழுது பார்த்த இயந்திரங்களைப் பறந்து சோதிக்கும் முறையைக் கற்க, உப்பளங்களுக்கு அப்பால் இருந்த அந்தச் சிறு விமானத்தளத்துக்கு வந்திருந்தார்.

கற்பித்தவர் பொறியாளர் பிரிஜித்தா. தம் மாணவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

அந்த ஹெலிகாப்டருக்குப் புதிய இறக்கைகள் பொருத்தியிருந்தார்கள். வானத்தில் என்ஜின் நின்றுபோனால், கீழிருந்து வரும் காற்றே அவற்றைச் சுழற்றவேண்டும். மெதுவாகச் சுழன்றால் இயந்திரம் கல்லாக விழும். அளவுக்கு மீறிச் சுழன்றால் இறக்கைகளே சிதையும். முள் காட்டும் அந்த வேகத்தை அளந்து எழுதுவதுதான் சோதனை; நூறு என்றால் சரியான வேகம்.

மறுநாள் காலையில் ரீகன் என்னும் விமானி, மலைக் கிராமங்களிலிருந்து நோயாளிகளை ஏற்றிவர அதை எடுத்துச் செல்லவேண்டும். அவன் உரிமம் பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது.

பிரிஜித்தா மூன்று தாள்களையும் பார்த்தார்.

"ஃப்ரீவீல் பார்த்தீங்களா?"

மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் சக்கரத்தை ஓடவிடுகிற அதே ஏற்பாடுதான் ஃப்ரீவீல். ஹெலிகாப்டரில் அது, தலைக்கு மேல் இறக்கைகளோடு சுழலும் ரோட்டாரை, நின்ற என்ஜினிடமிருந்து விடுவிக்கிறது.

"பார்த்தேன். த்ராட்டிலைக் குறைச்சதும் என்ஜின் முள் விழுந்துச்சு. ரோட்டார் முள் தனியா நின்னுச்சு."

"அப்போ என்ஜின் ரோட்டாரைப் பிடிச்சுக்கல."

"பிடிச்சுக்கல."

"வேற யாரும்?"

"மேல ஆண்டவர் பிடிச்சிருந்தா உண்டு" என்று சடையப்பன் சிரித்தார்.

பிரிஜித்தா சிரிக்கவில்லை.

"முதல் தடவை டேங்க் எவ்வளவு?"

"ஃபுல்."

"மூணாவது தடவை?"

"கால் டேங்க்."

"பாரம் குறைஞ்சா ரோட்டார் மெதுவாச் சுத்தணுமே. முள் இறங்கலையா?"

"நான் இறங்க விடுவேனா?"

அதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

பிரிஜித்தா பேனாவை மூடினார். "வாங்க, இன்னொரு தடவை பறப்போம்."

விமானியின் இடக்கைப் பக்கம் கலெக்டிவ் என்னும் நெம்புகோல் இருக்கும். அதை உயர்த்தினால் இறக்கைகள் நிமிர்ந்து காற்றை எதிர்க்கும், சுழற்சி குறையும். முழுவதும் இறக்கினால் சுழற்சி கூடும். சோதனையின்போது அது அடிமட்டத்தில் இருக்கவேண்டும் என்பது விதி.

புறப்படும் முன், கலெக்டிவ் அடிமட்டத்தில் கிடக்கையில், பிரிஜித்தா அதற்கு நேராக இருக்கையின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டையை ஒட்டினார். சடையப்பன் கவனித்தார், ஏனென்று கேட்கவில்லை.

நாலாயிரம் அடி உயரத்தில் அவர் என்ஜின் விசையை ஆளும் த்ராட்டிலைக் குறைத்தார். இரண்டு முட்களும் பிரிந்தன. ஹெலிகாப்டர் உப்பளங்களை நோக்கி இறங்கத் தொடங்கியது.

"கலெக்டிவ்?"

"அடியில இருக்கு."

"முள்?"

"நூறு. பார்த்துக்கோங்க."

பிரிஜித்தா முள்ளைப் பார்க்கவில்லை. பென்சிலால் வெள்ளைப் பட்டையைத் தொட்டுக் காட்டினார்.

கலெக்டிவ் பட்டைக்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தது.

சடையப்பன் தம் இடக்கையை உற்றுப் பார்த்தார். அவர் பொய் சொல்பவர் அல்லர். முப்பது ஆண்டுகளாக அந்தக் கை அவரைக் கேட்காமலே முள்ளைப் பச்சைக் கோட்டுக்குள் வைத்து வந்திருந்தது.

"இதுக்குக் கீழ போனா முள் ஏறும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"கைக்குத் தெரியும்."

"பேப்பருக்குத் தெரியலையே."

அவர் மீண்டும் முள்ளைப் பார்த்தார்.

"என்ஜின் நின்னா ரீகன் என்ன செய்வான் கேப்டன்?"

"கலெக்டிவை அடியில போட்டு அமுக்குவான். புதுசா வர்ற எல்லாரும் அதான் செய்வாங்க. நாங்களே அப்படித்தானே சொல்லிக்கொடுக்கிறோம்."

"அப்போ முள் எங்க நிக்கும்?"

சடையப்பன் மூன்று சோதனைகளைச் செய்து முடித்தவர். ஆனால் அந்த எண் மூன்று தாள்களிலும் இல்லை.

கையைத் தாழ்த்தினார்.

நூற்று மூன்று. நூற்று ஆறு. தலைக்கு மேல் ஓசை மாறியது. நூற்றெட்டு. நூற்றுப் பத்தில் சிவப்புக் கோடு. முள் அதைத் தொட்டபோது கலெக்டிவ் இன்னும் பட்டையைத் தொடவில்லை. ஒரு விரற்கடை மீதம் இருந்தது.

"போதும், ஏத்துங்க."

கலெக்டிவை ஏற்றி, த்ராட்டிலையும் கூட்டினார். என்ஜின் முள் எழுந்து ரோட்டார் முள்ளோடு சேர்ந்தது. ஹெலிகாப்டர் இறங்குவதை நிறுத்தியது.

"இது கால் டேங்க்ல" என்றார் பிரிஜித்தா. "ரீகன் ஃபுல் டேங்கோட கிளம்புவான்."

தரையில் இறங்கி, ரோட்டார் நிற்கும்வரை சடையப்பன் காத்திருந்தார். பிறகு நான்காவது தாளை எடுத்து, கலெக்டிவ் இருந்த இடத்தையும் முள் காட்டிய எண்ணையும் தம் கையாலேயே எழுதினார். 'இறக்கைக் கோணம் திருத்தப்படவேண்டும். பறக்கத் தகுதியில்லை' என்று கீழே சேர்த்தார்.

ரீகனுக்குத் தொலைபேசியில் சொன்னவரும் அவரே.

"நாளைக்கு இல்லப்பா. ... தெரியும், காத்திருப்பாங்க, தெரியும். ரோடு வழியா வண்டி அனுப்பச் சொல்லு. ... இல்ல, மெஷின்ல கோளாறு. என்கிட்டயும்."

பழைய மூன்று தாள்களையும் எடுத்துக்கொண்டு பிரிஜித்தாவின் மேசைக்கு வந்தார்.

"இதையெல்லாம் கிழிச்சுப் போட்டுடவா மேடம்?"

"எதுக்கு? சோதனை சரியாத்தான் நடந்திருக்கு."

பிரிஜித்தா தாள்களை வாங்கினார். ஒவ்வொன்றின் தலைப்பிலும், சோதிக்கப்பட்டது எது என்று கேட்கும் கட்டத்தில், ஹெலிகாப்டரின் எண்ணை ஒரே கோட்டால் அடித்தார். அதன் மேல் 'கேப்டன் சடையப்பன்' என்று எழுதினார்.

பிறகு மூன்றிலும் கையெழுத்திட்டார்.