துரை எழுதின கூட்டெழுத்து

ஒரு ஊர்ல ஒரு கடுதாசி இருந்துச்சு. ராசா இல்ல, ராணி இல்ல, கடுதாசி. சிரிக்காம கேளு. ‘ம்’ கொட்டிக்கிட்டே இருக்கணும், அப்பதான் நீ முழிச்சிருக்கியான்னு தெரியும்.

அந்த ஊரு மலை மேல இருந்துச்சு. கருங்குன்று எஸ்டேட்டுன்னு பேரு. சனமெல்லாம் தேயிலை பறிக்கற சனம். கால்ல அட்டை கடிக்கும், காட்டு ஓரத்துல யானை நிக்கும். அவங்க புள்ளைங்களுக்கு இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவத்துல, கண்ணாடிச் சட்டத்துக்குள்ள அந்தக் கடுதாசி தொங்கிச்சு. எப்பவோ இருந்த வெள்ளைக்கார துரை எழுதினதாம். ‘இந்தக் கட்டடம் உங்களுக்கே’ன்னு எழுதிக் குடுத்துட்டுக் கப்பலேறிப் போனானாம். சனம் அப்படித்தான் சொல்லும். ஆனா ஒருத்தரும் படிச்சுப் பார்த்ததில்ல. பொங்கலுக்குப் பொங்கல் சட்டத்துக்குப் பொட்டு வச்சு, மாலை போட்டு, கற்பூரம் காட்டுவாங்க. படிக்காத காயிதத்துக்குத்தான் எப்பவும் மாலை பெருசா விழும்.

ம்?

அந்த எஸ்டேட்டுல பவுனுத்தாயின்னு ஒருத்தி இருந்தா. பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவி. ஆபீசு வாசல்ல போய் நின்னான்னா, கேட்டதை வாங்காம நகரமாட்டா. அவ படிச்சது ரெண்டாங் கிளாசு. அவ மக கனிமலரு கீழ டவுன்ல ஒன்பதாவது படிச்சா.

அப்போ ஒருநாள் கம்பெனியில இருந்து நோட்டீசு வந்துச்சு. ‘பள்ளிக்கூடக் கட்டடம் எங்களுது. விருந்தாளிங்க தங்கற பங்களாவாக்கப் போறோம். திங்கக்கிழமை சப் கலெக்டர் ஆபீசுல விசாரணை. உங்ககிட்ட ஏதாச்சும் எழுத்து இருந்தா கொண்டாங்க.’

பவுனுத்தாயி கணக்குப் போட்டுப் பார்த்தா. இந்தப் பள்ளிக்கூடம் போச்சுன்னா அடுத்தது ஏழு மைல், யானை நடக்கற தடத்துல. ஒண்ணாங் கிளாசுப் புள்ள அவ்வளவு தூரம் எப்படிப் போகும்? போகாது. ஆத்தா கையைப் புடிச்சுக்கிட்டு இலை பறிக்கப் போகும்.

அப்புறம் என்ன பண்ணா? சட்டத்தைக் கழட்டி முந்தானையில சுத்திக்கிட்டு, படிச்சுச் சொல்ல ஆள் தேடிக் கிளம்பினா.

முதல்ல மெர்சி டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே இங்கிலீசு டீச்சர் அவங்கதான். கிட்ட வச்சுப் பார்த்தாங்க, தள்ளி வச்சுப் பார்த்தாங்க.

“அக்கா, இது கூட்டெழுத்து.”

“அப்படின்னா?”

“இங்கிலீசு எழுத்தை ஒண்ணோட ஒண்ணு கோத்து, கையைத் தூக்காம எழுதறது. முன்னெல்லாம் மூணாங் கிளாசுலயே பழக்குவாங்க. இப்ப எடுத்துட்டாங்க. எனக்கும் யாரும் சொல்லித் தரல.”

“டீச்சர், நீங்க இங்கிலீசு படிச்சவங்கதான?”

“அச்சுல இருந்தா கடகடன்னு படிச்சிருவேன்க்கா.”

பவுனுத்தாயி சட்டத்தை மறுபடி முந்தானையில சுத்தினா.

அப்புறம் ரெண்டாவதா செல்போன் கடை லூர்து. அவன் போனைக் கடுதாசி மேல காட்டினான். டிக். போனுக்குள்ள இருந்து ஒரு பொம்பளைக் குரலு தமிழ்ல படிச்சுது: ‘அன்புள்ள வாத்து. கல் ஞாயிறு சாப்பிட்டது.’

“வாத்தா?”

“வாத்துன்னுதான்க்கா சொல்லுது.”

“இன்னொருக்கா காட்டு.”

டிக். ‘அன்புள்ள படகு’ன்னுச்சு.

ம் சொல்லு. தூங்கிட்டியா? சரி.

மூணாவதா எஸ்டேட் ஆபீசு. பெரிய கிளார்க்கு சிவசைலம். தலை நரைச்ச ஆளு, அந்தக் காலத்து நாலு கோடு நோட்டுல எழுதிப் பழகினவரு. கடுதாசியைக் கையில வாங்கினாரு. கண்ணு சர்ருன்னு கீழ வரைக்கும் ஓடிச்சு. கடைசி வரியில போய் நின்னுச்சு. அப்புறம் சிரிச்சாரு.

“நல்ல எழுத்தும்மா. பள்ளிக்கூடம் உங்களுக்குத்தான்னு துரையே எழுதியிருக்காரு. திங்கக்கிழமை மறக்காம கொண்டு வந்துரு. அங்க யாருக்கும் படிக்க வரலைன்னா நானே படிச்சுச் சொல்றேன்.”

பவுனுத்தாயி வெளிய வந்தா. பத்தடி நடந்தா, நின்னா. மூணு தடவை நம்மளை வேலையை விட்டு நிறுத்தின மனுசன், கம்பெனிச் சம்பளம் வாங்கறவரு, நமக்காக எதுக்குச் சிரிக்கறாரு?

நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனா. “டீச்சர், அந்தக் கூட்டெழுத்து பழகற நோட்டு எங்கயாச்சும் கெடக்கா?”

அலமாரிக்கு அடியில கெடந்துச்சு. அந்தப் பாடத்தை நீக்கின வருசம் வந்த கட்டு, பிரிக்கவே இல்ல. ஓரமெல்லாம் எலி கறுக்முறுக்னு கடிச்சிருந்துச்சு. புள்ளி வச்ச எழுத்து, அது மேலயே எழுதிப் பழகணும்.

மகளைக் கூப்பிட்டா. “கனி, உனக்கு இங்கிலீசு தெரியும், இந்தக் கோலம் தெரியாது. மூணு நாள்ல பழகு.”

“அம்மா, இதெல்லாம் இப்ப யாரும் எழுதறதில்லம்மா.”

“சிவசைலம் படிக்கறாரு.”

அவ்வளவுதான், கனி உக்காந்துட்டா.

வெள்ளிக்கிழமை சுழி சுழியா எழுதினா. சுர்ர், சுர்ர். மணிக்கட்டு வீங்கிப் போச்சு. ஒரு எழுத்து அட்டை மாதிரி சுருண்டுச்சு, இன்னொண்ணு மேலயும் கீழயும் வாலை விட்டுக்கிட்டு நின்னுச்சு. சனிக்கிழமை எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவுல கை நிக்காம ஓட ஆரம்பிச்சுது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் துரை கடுதாசி மேல மெல்லிசுத் தாளை வச்சு, அவன் கை போன தடத்துலயே தன் கையை ஓட்டினா. கை எழுதின பிறகுதான் கண்ணு படிச்சுது. ஒரு வார்த்தை. அப்புறம் ஒரு வரி. அப்புறம் கனியோட பென்சிலு நின்னுருச்சு.

“என்னடி?”

“அம்மா, இது நமக்கு எழுதினதே இல்லம்மா.”

“பின்ன?”

“லண்டன்ல இருந்த முதலாளிக்குத் துரை எழுதினது. மேல ‘ஆபீசு நகல்’னு போட்டிருக்கு.”

“படி.”

கனி தமிழ்ல சொல்லிச் சொல்லிப் படிச்சா. ‘கூலிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் போட்டிருக்கிறேன். கல்லும் மண்ணும் அவர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் சுமந்து கட்டினார்கள். கூலி கேட்கவில்லை. கம்பெனிக்கு ஒரு செலவும் இல்லை. பிள்ளைகள் இலைத் தராசின் முள்ளைப் படிக்கும் அளவுக்குப் படித்தால் போதும். கூட்டெழுத்து மட்டும் கற்றுத்தரக் கூடாதென்று வாத்தியாரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கூட்டெழுத்து வந்தவன் மனு எழுதுவான். நமக்கு வேண்டும்போது கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம்.’

பவுனுத்தாயி அப்படியே தரையில உக்காந்துட்டா. அடுப்புல சோறு தளதளன்னு பொங்கி வழிஞ்சுது. எறக்கணும்னு தோணல. இந்தக் காயிதத்துக்கா மாலை போட்டோம்? புள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு இதையா கும்பிடச் சொன்னோம்? சிவசைலம் எதுக்குச் சிரிச்சாருன்னு அப்பதான் உறைச்சுது. நம்ம கையாலயே கொண்டு போய்க் குடுத்தா, அவரு கடைசி வரியை மட்டும் படிச்சுட்டுப் போயிருவாரு.

“கிழிச்சுப் போட்டுரலாமாம்மா?”

பவுனுத்தாயி எழுந்து சோத்தை எறக்கி வச்சா. அப்புறம் சொன்னா: “கல்லு சுமந்தது யாருன்னு இதுலதான இருக்கு. கேவலமா இருந்தாலும் கொண்டுதான் போகணும்.”

ம்? முழிச்சிருக்கியா? கொஞ்சந்தான் இருக்கு.

திங்கக்கிழமை விசாரணை. சப் கலெக்டரு சின்ன வயசுக்காரரு. கடுதாசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. “இது எனக்குப் படிக்க வரலையே.”

பாரேன், ஜில்லாவை ஆள வந்தவரு.

சிவசைலம் பொசுக்குன்னு எழுந்தாரு. “நான் படிக்கறேன் சார். ‘நமக்கு வேண்டும்போது கட்டடத்தை எடுத்துக்கொள்ளலாம்.’ அவங்களே கொண்டு வந்த எழுத்து சார்.”

“அவ்வளவுதானா? பத்து வரி இருக்கே.”

“மத்தது நலம் விசாரிப்பு சார்.”

பவுனுத்தாயி எழுந்தா. “அய்யா, என் மக முதல் வரியில இருந்து படிப்பா.”

சிவசைலம் சிரிச்சாரு. “இந்தக் காலத்துப் புள்ளைக்கு இதெல்லாம் எங்கம்மா வரப்போகுது?”

கனி படிச்சா. ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில விரலை வச்சுக் காட்டினா. சப் கலெக்டரு அந்த விரலு பின்னாடியே எழுத்துக் கூட்டிக்கிட்டு வந்தாரு. ‘மனு எழுதுவான்’ங்கற இடம் வந்தப்போ அவரு கையில இருந்த பேனாவைக் கீழ வச்சாரு.

சப் கலெக்டரு நிமிந்தாரு. “சிவசைலம், கல்லு சுமந்த வரி இதுல இருக்கா, இல்லையா?”

“அது... ஏதோ இருக்கு சார்.”

“ஏதோவா?”

சிவசைலம் உக்காந்துட்டாரு.

‘கட்டினது தொழிலாளிங்க. பள்ளிக்கூடம் அங்கயேதான் நடக்கும். கம்பெனிக்கு வேணும்னா கோர்ட்டுக்குப் போகட்டும்’னு சப் கலெக்டரு உத்தரவு எழுதினாரு.

செயிச்சாச்சு. ஆனா மலையில யாரும் வெடி போடல. கிழடுகட்டைங்க எல்லாம் வரிசையா இருக்கற லைன் வீட்டு வாசல்ல உக்காந்து, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காம வெத்தலையை மென்னுச்சு. “இத்தனை வருசம் யாரைக் கும்பிட்டோம்?”னு ஒரு கிழவன் கேட்டான்.

மறுநாள் பவுனுத்தாயி பள்ளிக்கூடத்துக்குப் போனா. எலி கடிச்ச நோட்டுக்கட்டை டீச்சர் மேசை மேல தொப்புன்னு வச்சா.

“டீச்சர், கனி உங்களுக்குப் பழக்குவா. நீங்க மூணாங் கிளாசுக்குப் பழக்குங்க.”

மெர்சி டீச்சர் தயங்கினாங்க. “பழக்கலாம்க்கா. ஆனா, கூட்டெழுத்து இப்ப பாடத்துலயே இல்லையே. மேல இருக்கறவங்க வேண்டாம்னுதான எடுத்திருக்காங்க.”

பவுனுத்தாயி ஒரு நோட்டை எடுத்துப் பிரிச்சா.

“அதைத்தான் டீச்சர், துரையும் எழுதியிருந்தான்.”

டீச்சர் சாக்பீசை எடுத்தாங்க.

கதை மலையேறிப் போயாச்சு. நீ போர்த்திக்கிட்டுக் கண்ணை மூடு.