சுவர் பேசின பொங்கல்

எழிலு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுக்காதே. என் பக்கம் திரும்பு. போர்வையை இழுத்துக்கோ. ம் சொல்லிக்கிட்டே வரணும். நீ ம் சொல்லலேன்னா கதை அந்த இடத்துலயே நின்னுக்கும், சொல்லிட்டேன்.

ஒரு ஊர்ல ஒரு தெரு இருந்துச்சு. ஊர்னா சின்ன ஊர் இல்ல, பெரிய பட்டணம். அதுல கால்வாய்க்கும் கிடங்குக்கும் நடுவுல ஒடுங்கிக்கிட்டு, உப்புக்கிடங்குத் தெருன்னு ஒரு தெரு. அந்தத் தெருவுக்கு நடந்த அநியாயத்தை முதல்ல சொல்லிடறேன். வரிசையா சொல்றேன், கேளு.

முதல்ல கிணத்தை மூடினாங்க. தண்ணி சரியில்லன்னாங்க, ஆனா வேற தண்ணி தரல. ரெண்டாவது, படிப்பகத்தை இடிச்சாங்க. சாயந்திரமானா அங்க ஒருத்தர் பேப்பரைச் சத்தமா படிப்பாரு. படிக்கத் தெரியாதவங்க சுத்தி உக்காந்து கேட்டுட்டு, நல்லா சண்டை போடுவாங்க. அது பொறுக்கல. மூணாவது, கால்வாய்ப் பாலத்தைப் பிரிச்சாங்க. பள்ளிக்கூடத்துப் பசங்க ஊரையே சுத்திப் போச்சுங்க. நாலாவது, மைதானத்து ஓரமா நீளமா ஒரு சுவரை எழுப்பினாங்க.

“யாரு அத்தை?”

கையெழுத்துப் போடறவங்க. அவங்க முகத்தை அந்தத் தெருவுல யாரும் பார்த்ததில்ல.

“சுவரை முதல்ல சொன்னா என்ன?”

வரிசை மாத்திச் சொன்னா மறந்துட்டோம்னு நெனப்பாங்க. மறந்துட்டோம்னு தெரிஞ்சா மன்னிச்சுட்டோம்னு அவங்களே எழுதிக்குவாங்க. ம் சொல்லு.

“ம்.”

அப்புறம் தெருவுக்கு மிச்சம் இருந்தது அந்த மைதானம் ஒண்ணுதான். வருஷா வருஷம் பொங்கலுக்கு அங்க விளையாட்டுப் போட்டி. காலையில கோலப்போட்டி. அப்புறம் பசங்களுக்குச் சாக்கு ஓட்டம், பொம்பளைங்களுக்கு மியூசிக்கல் சேர், கிழவங்களுக்கு லெமன் ஸ்பூன். கிழவங்கதான் ரொம்பத் திருட்டுத்தனம் பண்ணுவாங்க. எலுமிச்சம்பழத்தைக் கட்டைவிரலால அமுக்கிக்கிட்டே ஓடுவாங்க. ஜெயிச்சவங்களுக்கு எவர்சில்வர் டப்பா, தோத்தவங்களுக்கு சோப்பு டப்பா. கடைசியா, பொழுது சாயற நேரத்துல, பானை உடைக்கறது.

மைதானத்து நடுவுல ஒரு சவுக்குக் கம்பம். அது உச்சியில மைக் செட்டுக்காரரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவாரு. அதே கம்பத்துல, அதுக்குக் கீழேயே, மஞ்சத்தண்ணி ரொப்பின பானை தொங்கும். வர்றவங்க கண்ணைக் கட்டி, கையில கம்பைக் குடுத்து, கிறுகிறுன்னு சுத்தி விட்டுடுவாங்க. அப்போ பார்க்கணும் அந்தத் தெருவை. ஒருத்தரு “இடது பக்கம் போடா”ம்பாரு. பக்கத்துலயே அவரு சம்சாரம் “வலது பக்கம், வலது பக்கம்”பா. இன்னொருத்தன் “குனி, குனி”ம்பான். எதுக்குக் குனியணும்னு அவனுக்கே தெரியாது. ஆளுக்கு ஒரு வழி சொல்றதுதான் அங்க விளையாட்டே.

உடைச்சவங்க பேரை மைக்ல படிப்பாங்க. தன் பேரைத் தானே படிச்சா செல்லாது, இன்னொருத்தர் படிக்கணும். கூட்டம் “கேட்டோம்”னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் கண்கட்டை அவுக்கணும். பேர் படிச்சாச்சுன்னா அந்த வருஷத்துக்கு மைதானம் தெருவோடது. பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. தெரு தானா வச்சுக்கிட்ட வழக்கம். ஆனா ஒரு வருஷமும் விடாம காப்பாத்தின வழக்கம். அதனால அந்த மண்ணுல எவனும் கை வைக்க முடியல.

“ம்.”

அப்போ, அந்தச் சுவத்துக்குள்ள ஒண்ணு குடி வந்துச்சு.

சுவத்தடியில தண்ணி போறதுக்கு ஒரு பொந்து விட்டிருந்தாங்க. முதல்ல எலி நுழையற அளவுதான் இருந்துச்சு. அப்புறம் நாய் நுழையற அளவு ஆச்சு. அப்புறம் ஒரு ஆளு குனிஞ்சா நுழையற அளவு ஆச்சு. யாரும் இடிக்கல, யாரும் தோண்டல. பக்கத்துல போனா உள்ளே சளக், சளக்னு யாரோ சப்புக்கொட்டற சத்தம் கேக்கும்.

பொங்கலுக்கு முதல் நாள் அந்தச் சுவர் பேசிச்சு. “நாளைக்கு மூணு பேருதான் கம்பு எடுக்கணும். மூணு பேருக்குள்ள பானை உடையணும். பொழுது விழறதுக்குள்ள பேரைப் படிக்கணும். இல்லேன்னா மண்ணு எனக்கு. போட்டியே நடத்தலேன்னாலும் மண்ணு எனக்கு.”

அத்தோட விடல. ஒவ்வொரு வீட்டுச் சாக்கடைத் துவாரம் வழியாவும் போய், குசுகுசு, குசுகுசுன்னு தனித்தனியா பேசிச்சு. ஆட்டோக்காரருகிட்ட “உன் வண்டி எங்க நிக்கும்னு எனக்குத் தெரியும்”னுச்சு. பிள்ளை பெத்தவகிட்ட “உன் மக எந்த வழியா பள்ளிக்கூடம் போறா, பார்த்து வச்சிருக்கேன்”னுச்சு. எல்லார்கிட்டயும் கடைசியா ஒரே பேச்சு: “நாளைக்குக் கண்ணைக் கட்டின அப்புறம் எவன் வாயைத் திறக்கறானோ, அவன் வீட்டுக்கு வருவேன்.”

“நம்ம வீட்டுக்கு வருமா அத்தை?”

நம்ம வீட்டுச் சுவரு நான் கட்டினது. ம் சொல்லு.

“ம்.”

மறுநாள் தெரு மொத்தமும் மைதானத்துக்கு வந்துச்சு. வந்துச்சே தவிர, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கல. அடுத்த வீட்டுக்காரன் விலை போயிட்டானோன்னு அவங்க அவங்க மனசுல ஒரு சந்தேகம். அதையும் அந்தச் சுவர்தான் ஊதி விட்டிருந்துச்சு.

முதல்ல கம்பு எடுத்தவன் முனிரத்தினம். கிடங்குல மூட்டை தூக்கறவன், போன வருஷம் பானையை உடைச்சவன். “சுவராவது மசுராவது”ன்னு சொல்லிட்டுப் போனான். கண்ணைக் கட்டினாங்க. கிறுகிறுன்னு சுத்தி விட்டாங்க. கூட்டம் வாயைத் திறக்கல. ஆனா சத்தம் மட்டும் வந்துச்சு. “நேரா போடா முனிரத்தினம்”னு அவன் அம்மா குரல். “நேரா போ மச்சான்”னு அவன் கூட்டாளி குரல். அவன் அம்மா கூட்டத்துலதான் நிக்கறா, வாயைப் பொத்திக்கிட்டு. குரல் சுவத்துல இருந்து வருது. அவன் நம்பி நேரா போனான். நேரா, நேரா, பொந்து வரைக்கும் போனான். சளக். அவ்வளவுதான். அவன் நின்ன இடத்துல, சுவத்து மேல, ஆள் உயரத்துக்கு ஒரு ஈரம்.

பெத்தவ பார்த்துட்டு நின்னா. சத்தம் போடல. அதைத்தான் நான் இன்னிக்கும் நெனச்சுக்கறேன்.

“ம்.”

ரெண்டாவது சபாபதி. இடிச்சாங்களே அந்தப் படிப்பகம், அதுக்குச் செயலாளரா இருந்தவரு. மூளைக்காரரு. “குரலைக் கேட்டாத்தானே ஏமாறுவேன்? நான் கேக்கவே போறதில்ல”ன்னு ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டாரு. சுவர் கத்திக் கத்திப் பார்த்துச்சு. அவருக்குக் கேக்கல. டக், டக்னு கம்பைத் தட்டிக்கிட்டு நடந்தாரு. ஆனா கண்ணும் இல்லாம காதும் இல்லாம நடக்கறவன் மண்ணு சரியற பக்கமாத்தான் போவான். தண்ணி ஓடறதுக்காக மைதானத்தைச் சுவத்துப் பக்கம் சரிவா விட்டிருந்தாங்க. அவரு கால் தானா அந்தப் பக்கம் போச்சு. ஒரு வாய், ஒரே ஒரு வாய் “நில்லுங்க”ன்னு சொல்லியிருந்தா, பஞ்சையும் மீறிக் கேட்டிருக்குமோ என்னமோ. யாரும் சொல்லல. சளக். ரெண்டாவது ஈரம்.

“அவங்க திரும்பி வந்தாங்களா?”

வரல. ம் சொல்லு.

“...ம்.”

அப்போ மூணாவது கம்பு கீழே கிடந்துச்சு. யாரும் குனியல. சூரியன் கிடங்குக் கூரைக்கு மேல ஒரு முழம்தான் இருந்துச்சு. அப்போ நவநீதம் வந்து குனிஞ்சு எடுத்தா. தையல் கம்பெனியில பட்டன் வைக்கறவ. பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாலே ஊரைக் கூட்டுவா. இன்னும் கண்ணைக் கட்டலையே, அதனால பக்கத்து வீட்டுத் தாயம்மா மெதுவா சொன்னா, “ஏம்மே, நீயா? போன வருஷம் பானைன்னு நெனச்சு மைக்காரரு முதுகுல போட்டவ நீ.”

“நின்னுக்கிட்டிருந்தா கால் நடுங்குதுக்கா. நடந்தா தெரியாது.”

“போயிட்டா யாருடி திரும்பி வந்தா?”

“அடுப்புல பால் வச்சிருக்கேன். பொங்கினா பார்த்துக்க.”

கண்ணைக் கட்டினாங்க. சுத்தி விட்டாங்க. ஒரே இருட்டு. அவ பல்லு கடகடன்னு அடிச்சுக்குது. அப்போ குரல் வந்துச்சு. “நேரா போம்மா நவநீதம்”னு தாயம்மா குரல். “நேரா போம்மா”ன்னு ஆட்டோக்காரரு குரல். “நேரா போம்மா”ன்னு அவரு சம்சாரம் குரல். பசங்க, கிழவங்க, தெரு மொத்தமும், ஒரே தாளத்துல, “நேரா போ, நேரா போ.”

அவ ஒரு அடி வச்சா. நின்னுட்டா.

ஏன் நின்னா தெரியுமா? அந்தத் தெரு என்னிக்கு ஒரே வழி சொல்லியிருக்கு? புருஷன் இடதுன்னா பொண்டாட்டி வலதுன்னு சொல்ற தெரு அது. மூடின கிணத்தடியில யாரு முன்னாலன்னு இன்னும் முடிவாகாத தெரு. அவங்க எல்லாம் ஒரே குரல்ல ஒரே வழி சொல்றாங்கன்னா, சொல்றது அவங்க இல்ல. நானும் எத்தனையோ கூட்டம் பார்த்துட்டேன் எழிலு. எல்லாரும் ஒண்ணா தலையாட்டற கூட்டத்துல நம்ம ஆளு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

“ம்.”

அவ காதைத் தீட்டிக்கிட்டா. அந்த நேரா போ, நேரா போவுக்கு நடுவுல, வேற ஒரு பக்கத்துல இருந்து, மெல்லிசா ஒரு சத்தம். புஸ்... புஸ்... புஸ். யாரோ மூச்சு விடறாங்க. பயந்து போய் விடற மூச்சு. அது யாரு? மைக் செட்டுக்காரரு தணிகாசலம். பேரைப் படிக்கறதுக்கு மைக்கைக் கையில பிடிச்சிருந்தாரு. கை நடுங்கினதுல மைக்கு வாய்க்கிட்ட வந்துடுச்சு. அவரு வாயைத் திறக்கல. ஆனா அவரு பயம் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. ஸ்பீக்கர் இருக்கறது எங்க? பானை தொங்கற கம்பத்துல.

அவ குரலுக்கெல்லாம் முதுகைக் காட்டித் திரும்பினா. மூச்சைப் பார்த்து நடந்தா. சுவர் புரிஞ்சுக்கிச்சு. கர்ர்ர்னு உறுமிச்சு. அவ செத்துப்போன அப்பா குரல்ல “வேணாம்மா, அங்க பள்ளம் இருக்கு”ன்னு கெஞ்சிச்சு. அப்போ அவ அழுதுட்டா. அழுதுக்கிட்டே நடந்தா. பின்னாலேயே சளக், சளக், சளக்னு வருது. புஸ், புஸ்ங்கற சத்தம் தலைக்கு மேல வந்துச்சு. ரெண்டு கையாலயும் கம்பைத் தூக்கினா.

டமார்.

மஞ்சத்தண்ணி தலையோட கொட்டிச்சு.

“உடைஞ்சுடுச்சா அத்தை?”

உடைஞ்சுது. ஆனா இன்னும் முடியல. பேரைப் படிக்கலையே.

சூரியன் கூரையைத் தொட்டுடுச்சு. அவ நனைஞ்சு நிக்கறா, கண்கட்டோட. இப்போ சுவர் கத்தல. ரொம்ப அன்பா பேசிச்சு. “படி தணிகாசலம். தாராளமா படி. நீ படிக்கற பேரை நான் குறிச்சு வச்சுக்கறேன். அவ வீடு தெரியும். உன் வீடும் தெரியும்.”

யாரும் அசையல. அவளுக்கு ஒண்ணும் தெரியல. இருட்டு. கழுத்துக்குப் பின்னால சில்லுன்னு யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கு. “இருக்கீங்களா?”ன்னு கேட்டா. “தாயம்மக்கா, இருக்கியா?” பதில் இல்ல. கூரைக்கு மேல சூரியன் ஒரு தட்டு விளிம்பு அளவுதான் மிச்சம்.

அப்போ ஸ்பீக்கர்ல ஒரு சத்தம். டொக். டொக்.

“ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங்.”

பழக்க தோஷம். உயிர் போற நேரத்துலயும் அந்த ஆளுக்கு அதைச் சொல்லாம பேச வராது. அப்புறம் குரல் உடைஞ்சு, உள்ளேயே முனகற மாதிரி, அவரு பேரைப் படிச்சாரு.

சுவர் பெருசா ஒரு மூச்சை இழுத்துச்சு. தெருவே உள்ளே போயிடும் போல இருந்துச்சு. அப்போ தாயம்மா வாயைத் திறந்தா.

“யோவ், ஒண்ணும் கேக்கல. சத்தமா படிய்யா.”

“அப்பன் பேரை விட்டுட்டியே”ன்னு ஆட்டோக்காரரு.

“தெருப் பேரை முதல்ல சொல்லணும்”னு அவரு சம்சாரம்.

“வேணாம், ஆள் பேரை முதல்ல சொல்லு”ன்னு ஒரு கிழவரு.

முனிரத்தினத்தோட அம்மாவும் வாயில இருந்து கையை எடுத்தா. ஈரத்தைப் பார்த்துட்டு, மைக்கைப் பார்த்தா. “படி”ன்னா.

“சுவத்துக்குள்ள இருந்த பூதம் அவளைத் தூக்கிட்டுப் போச்சா?”

ஒருத்தன் காதுல மட்டும் விழுந்த பேரைத் தூக்கறது அதுக்குச் சுலபம். ஒரு தெருவே கேட்ட பேரைத் தூக்கறது கஷ்டம். கஷ்டம்னுதான் சொல்றேன். முடியாதுன்னு சொல்லல. அதனாலதான் கேக்கறவங்க வேணும், கேட்டேன்னு சொல்றவங்க வேணும். நீயும் இப்போ கேக்கறே. கண்ணை மூடிக்கோ, காதை மூடாதே. கதைக்கு இதுக்கு மேல வாய் இல்ல, உனக்கு இதுக்கு மேல முழிப்பு இல்ல. சூரியன் முழுசா விழறதுக்குள்ள தணிகாசலம் மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. தொண்டையைச் செருமிக்கிட்டாரு. சாட்சிக்கு நிக்கற அத்தனை பேரையும் ஒரு தரம் பார்த்தாரு. பார்த்துட்டு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்கற மாதிரி படிச்சாரு:

“உப்புக்கிடங்குத் தெரு, கன்னியப்பன் மகள், நவநீதம்.”