கட்டிய காலோடு குதித்தவர்கள்

"பாட்டு கேக்கும்போது காலை மட்டும்..." என்று சொல்லத் தொடங்கிய கிழட்டு ஆமை, சொல்லி முடிக்காமலே கண்ணை மூடிவிட்டது.

மிருகங்களும் மனிதர்களும் ஒரே காட்டில் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஆமைதான் எல்லாருக்கும் தலைவர். மீதி வார்த்தை என்னவாக இருக்கும் என்று காடே மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது மயில் சொன்னது:

"கட்டிப்போடணும். வேறென்ன சொல்லியிருக்கப் போறார்?"

ஆட்டம் தனக்கு மட்டுமே சொந்தம் என்று மயிலுக்கு நினைப்பு. ஆனாலும் புதுத் தலைவரான யானை மயில் சொன்னதை நம்பினார். இளவயதில் ஒரு பாட்டுக்கு ஆடப்போய், காடையின் கூட்டை முட்டையோடு மிதித்தவர் அவர். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

சட்டம் வந்தது. கச்சேரியன்று தூக்கணாங்குருவி வரிசையாக வந்து எல்லார் காலையும் கொடியால் சேர்த்துக் கட்டும். மயில் மட்டும் ஆடும். வேறு யார் ஆடினாலும் காட்டைவிட்டு வெளியே.

மழைக்காலம் தோறும் பாறைமேல் கச்சேரி. தவளை பாடும். மரங்கொத்தி பட்ட மரத்தில் அடி போடும். எதிரே காடு மூட்டை அடுக்கியதுபோல உட்கார்ந்திருக்கும். நான்காம் வருடம் தவளை வாய்விட்டே சொல்லிவிட்டது:

"இதான் கடைசிக் கச்சேரி. நாளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் போறோம். நாங்க பாடறது உங்களுக்குள்ள போகுதா, இல்ல கல்லுல பட்டுத் திரும்புதான்னே தெரியல."

முன்வரிசையில் மருதி என்கிற மனிதப் பெண் இருந்தாள். அந்தப் பாட்டுகளுக்காகவே வருடம் முழுக்கக் காத்திருப்பவள். "போகுது! போகுது!" என்று கத்தினாள். அதற்குள் மரங்கொத்தி அடுத்த பாட்டுக்கு அடி போடத் தொடங்கிவிட, அந்தச் சத்தத்தில் அவள் குரல் அமுங்கிப்போனது.

எழுந்து நின்றாள்.

"ஏய், உக்காரு! தொரத்திருவாங்க!" என்றது பக்கத்து ஆட்டுக்குட்டி.

"பாட்டே போனப்புறம் இந்தக் காட்டுல எனக்கென்ன வேலை? நீயும் எந்திரிடா!"

கட்டிய காலால் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அதனால் குதித்தாள். கைகளை யாரும் கட்டியிருக்கவில்லை. காட்டில் பாதிப்பேருக்குக் கையே கிடையாது, குருவிக்கு அது தோன்றவில்லை. இரண்டு கையும் மேலே போயின. தலைமுடி மழைத்தண்ணீரைச் சுற்றிலும் இறைத்தது. ஆட்டுக்குட்டி எழுந்தது. மான்குட்டிகள், முயல்கள், மனிதப் பிள்ளைகள், ஆளுக்கொரு விதமாய்! தவளையின் தொண்டை இரண்டு மடங்கு புடைத்தது. பாறையே அதிர்ந்தது.

"இது ஆட்டமா? அடவு எங்கே? வரிசை எங்கே?" என்று மயில் கூவியது. "தலைவரே, எல்லாரையும் வெளியே அனுப்புங்க!"

யானையின் கண் தரையிலேயே இருந்தது. குதித்தவர்கள் எல்லாரும் எழும்பிய இடத்திலேயே இறங்கினார்கள். கூட்டத்தின் நடுவிலிருந்து காடை குரல் கொடுத்தது.

"தலைவரே, என் குஞ்சுல ஒண்ணுகூட நசுங்கல. இதோ, அதுங்களும் குதிக்குதுங்க!"

"தலைவரே, உங்க காது ஆடுது!" என்று சிரித்தாள் மருதி.

ஆடித்தான் கொண்டிருந்தது. இன்றுவரை நிற்கவில்லை.

தவளை மலை தாண்டவில்லை. இன்றும் மேடையில் கிட்டார் அலறும்போது, முன்னால் நிற்கும் பிள்ளைகள் கைகளை உயர்த்தி, இரு காலும் சேர, நின்ற இடத்திலேயே மனம்போனபடி குதிக்கிறார்களே, அது அந்த மாலையில் தொடங்கியதுதான்.

அன்று பாட்டு முடிந்ததும் யானை துதிக்கையைத் தூக்கித் தீர்ப்பைச் சொன்னார்: "பாறைக்கு முன்னால இனி யாரும் உக்காரக் கூடாது."