கிளி வாங்கி வந்த பத்து முழம்

ஆற்றுக்கு இக்கரையில் ஒரு காடு, அக்கரையில் ஒரு காடு. இக்கரைக் காட்டில் கொஞ்சலழகி என்றொரு கிளி இருந்தது. அக்கரை அணில்களின் மொழி அதற்குத் தலைகீழ்ப் பாடம். அந்தப் பெருமையில் அதற்குக் கால் தரையில் பாவாது. பறவைதானே என்கிறீர்களா? கிளையில்கூடப் பாவாது, குழந்தைகளே.

ஒருநாள் நெட்டையன் என்ற குரங்கு பாறைக் கிணற்றில் வழுக்கி விழுந்துவிட்டது. சுவரெல்லாம் பாசி, ஏற வழியில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் கிணறு நிரம்பிவிடும். நெட்டையனுக்கோ நீந்தத் தெரியாது.

"கொஞ்சலழகி, அணில்களிடம் நார்க்கயிறு வாங்கி வா. கிணறு பத்து முழம். போன கோடையில் நானே அளந்தேன்" என்று அது கத்தியது.

கிளி அக்கரைக்குப் பறந்தது. அணில் மொழியில் துளியும் பிசகாமல், "பத்து முழம் கயிறு கொடுங்கள்" என்றது.

கயிறு திரிக்கும் நாரம்மா என்ற அணில், "பத்து போதுமா, அம்மா? எதற்கு?" என்று கேட்டது.

"நான் சரியாகத்தானே பேசினேன்? கேட்டதைக் கொடுங்கள்."

நாரம்மா தன் குட்டிக் கையால் பத்து முழம் அளந்து கொடுத்தது.

கனமே இல்லையே என்று மகிழ்ந்தபடி வந்த கிளி, கயிற்றைக் கிணற்றில் விட்டது. அது பாதிக் கிணறுகூட இறங்கவில்லை.

"கயிறு கேட்டால் அரைஞாண் வாங்கி வந்திருக்கிறாயே" என்றது நெட்டையன். மழைத்துளி விழத் தொடங்கியிருந்தது.

கிளிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அழ நேரமில்லை. ஒரு குச்சியோடு கிணற்றுக்குள் இறங்கி, "அண்ணா, உன் முழத்துக்கு இதை ஒடித்துத் தா" என்றது. அதைக் கவ்விக்கொண்டு மறுபடி அக்கரைக்குப் பறந்து, குரங்கு கிணற்றில் விழுந்த கதையைச் சொன்னது.

நாரம்மா குச்சியை அளந்து பார்த்துச் சிரித்தது. "இது எங்கள் முழத்தில் எட்டு. எறும்பும் தன் கையால் எண்சாண் அல்லவா? உனக்கு எண்பது முழம் வேண்டும்."

"நீங்கள் கேட்டபோதே நான் சொல்லியிருக்க வேண்டும், நாரம்மா."

எண்பது முழத்தை நாலு கிளிகள் சேர்ந்து தூக்கி வந்தன. முதலில் வாங்கிய குட்டிக் கயிறு, அதை மரத்தோடு சேர்த்துக் கட்ட உதவியது. நெட்டையன் மேலே ஏறி வந்ததும் மழை கொட்டித் தீர்த்தது.

அன்றிலிருந்து யார் எத்தனை முழம் சொன்னாலும், கொஞ்சலழகி முதலில் கேட்பது ஒன்றுதான்: "யார் கையால்?"

நீதி: சொல் தெரிந்தால் மட்டும் போதாது, அளவைச் சொல்லும்போது அது யாருடைய அளவு என்பதையும் சொல்.