ரணசூரர் தேருக்குச் சாமி மரியாதை

மன்னர் உத்தண்ட பூபதிக்கு எதிரிகள் கிடையாது. மைத்துனர் ஒருத்தர் இருந்தார், அதுவே போதும். பெயர் ரணசூரர். மகாராணியின் ஒரே தம்பி. ஜென்மத்தில் போருக்குப் போனதில்லை. ஆனால் அவருடைய இரட்டைக் குதிரை ரதம் கடைவீதிக்குள் நுழைந்தால் ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்கிறீர்களா? ஆற்றங்கரைக்குப் போய்க் காற்று வாங்கத்தான்.

ஒருநாள் கோயில் முனையில் ரதம் திரும்பிய வேகத்தில், மோர் விற்கிற சிலம்பாயியை இடித்துத் தள்ளியது. பானை சுக்குநூறு. கால் எலும்பு முறிந்துவிட்டது. பாவம், புருஷனை இழந்தவள். அந்த முனையில் மோர் விற்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

மறுநாள் சபைக்கு முறையீடு வந்தது. முறையிட்டவர் யார் தெரியுமா? ரணசூரர்!

"அத்தான், என் குதிரைகள் மிரண்டுபோய் நேற்றிலிருந்து கொள்ளு தின்னவில்லை. அந்த மோர்க்காரியை வீதியை விட்டே துரத்துங்கள்."

சிலம்பாயியைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். "மகாராஜா, நான் ஓரமாத்தான் உட்கார்ந்திருந்தேன். அவுக ரதம்தான் ஓரத்துக்கு வந்துச்சு. அந்த இடத்தை விட்டா எனக்குப் பொழப்பு ஏதுங்க?" என்று அழுதாள்.

மன்னர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தீர்ப்பு எப்படிச் சொன்னாலும் ராத்திரி மகாராணி முகத்தில்தானே விழிக்க வேண்டும்? "உன் ரதம் வந்தால் ஜனங்கள் என்னதான் செய்ய வேண்டும் என்கிறாய்?" என்று மைத்துனரைக் கேட்டார்.

"கோயில் தேர் வந்தால் என்ன செய்கிறார்கள்? வழியில் எவளாவது பானை வைக்கிறாளா? ஒதுங்கி நின்று கும்பிடுகிறார்களே! அந்த மரியாதை எனக்கும் வேண்டும்."

அமைச்சர் அம்பலத்தாடி எழுந்தார். இந்த மனுஷர் எழுந்தாலே யாருக்கோ கஷ்டகாலம் என்று சபைக்கே தெரியும். ரணசூரருக்கு மட்டும் தெரியாது.

"நியாயமான ஆசை, மகாராஜா. கோயில் தேருக்கு உண்டான மரியாதை அத்தனையும், ஒன்று குறையாமல், நாளைக்கு இவர் ரதத்துக்கும் நடக்கட்டும். ஏற்பாடு என் பொறுப்பு. மோர்க்காரி விஷயத்தை அதற்கப்புறம் பேசுவோம்."

"ஐயா, நீங்களுமா!" என்று சிலம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். அம்பலத்தாடி முகம் பிடித்துவைத்த பிள்ளையார் போல இருந்தது. மன்னர் சம்மதித்தார்.

மறுநாள் காலை ரணசூரர் பட்டு உடுத்தி ரதத்தில் ஏறினார். வீதியின் இருபுறமும் ஜனங்கள் ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்புறம்தான் முன்னால் பார்த்தார்.

"குதிரைகள் எங்கே?"

"சாமி தேரில் இருப்பது மரக்குதிரைதானே, பிரபு. இழுப்பது ஜனங்கள்," என்றார் அம்பலத்தாடி.

வடம் பிடித்தார்கள். ரதம் நாலடி நகர்ந்தது. உடனே இரண்டு பேர் ஓடிவந்து சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டார்கள்.

"ஏன் நிறுத்துகிறீர்கள்?"

"முதல் வீட்டு அர்ச்சனை, பிரபு."

தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். மறுபடி நாலடி. மறுபடி முட்டுக்கட்டை. உச்சிவேளையில் ரதம் ஐந்தாவது வீட்டு வாசலில் நின்றது. கற்பூரப் புகையில் ரணசூரர் கண் கோவைப்பழமாகிவிட்டது.

"எனக்குப் பசிக்கிறது!"

"பொங்கல் நைவேத்தியம் காட்டினோமே."

"காட்டினீர்கள். கொடுக்கவில்லையே!"

"சாமிக்குக் காட்டுவதோடு சரி. வடம் பிடித்தவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள்."

ரணசூரர் குதிக்கப் பார்த்தார். ஜனங்கள் பதறிப்போய்த் தடுத்தார்கள்.

"தேர் நிலைக்கு வராமல் சாமி இறங்கினால் ஊருக்கு ஆகாது, பிரபு," என்றார் அம்பலத்தாடி. "இந்த வருஷம் நிலைக்கு வர மூன்று நாள் ஆகலாம்."

சாயங்காலம் மன்னர் வேடிக்கை பார்க்க வந்தார். அவரைக் கண்டதும் ரணசூரர் கதறினார். "அத்தான், நான் சாமி இல்லை! சாதாரண மனுஷன்! இறக்கிவிடுங்கள்!"

அம்பலத்தாடி மன்னரை வணங்கினார். "ஊரறிய ஒப்புக்கொண்டுவிட்டார், மகாராஜா. ஆகவே சாமிக்கு வழிவிடாத குற்றம் சிலம்பாயிக்கு இல்லை. ஓரமாய் உட்கார்ந்திருந்த ஒருத்தி மேல் ஒரு மனுஷர் ரதத்தை ஏற்றிய வழக்கு மட்டும் பாக்கி. விசாரிக்கலாமா?"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடிக்குப் போட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். சிலம்பாயிக்கு வைத்தியம் ரணசூரர் செலவில். கடைவீதிக்குள் குதிரைகள் நடந்துதான் போக வேண்டும். அவள் எழுந்து நடக்கும்வரை அந்த முனையில் ரணசூரரே உட்கார்ந்து மோர் விற்று, வருகிற காசை அவளிடம் கொடுக்க வேண்டும்.

மறுநாள் ரணசூரர் முனையில் பானையோடு உட்கார்ந்தார். ஒரு மாட்டுவண்டி கொஞ்சம் வேகமாய்த் திரும்பியது. அவ்வளவுதான், பானையைக் கட்டிக்கொண்டு கடைவீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"யோவ், மெதுவாய்ப் போய்யா! இங்கே ஒருத்தன் பிழைப்புக்காக உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?"